வேட்பாளர் பட்டியலில் பெண்களுக்கு எந்தத் தொகுதி? கேள்வி பதில்

கட்சிகள் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும்போது பெண்களுக்கென ஒரு பங்கை ஒதுக்குவது குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். 2023இல் நிறைவேறிய 106வது அரசியல் சட்டத் திருத்தம் பெண்கள் மட்டுமே போட்டியிடக்கூடிய தனித் தொகுதிகளைப் பற்றியது. அது வேறு ஏற்பாடு என்பதால் அதைப் பற்றிய கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை.

திருச்சியிலிருந்து ஒருவர்: பட்டியலில் எத்தனை விழுக்காடு பெண்கள் என்று பார்த்தே ஒரு கட்சியின் அக்கறையை மதிப்பிட்டுவிடலாம் அல்லவா?

முடியாது. மேற்கு வங்கத்தின் 42 மக்களவைத் தொகுதிகளில் திரிணமூல் காங்கிரஸ் 2019இல் 17 பெண்களை நிறுத்தியது. வென்றவர்கள் 9 பேர். 2024இல் நிறுத்தியது 12 பேரைத்தான். அவர்களில் 11 பேர் வென்றார்கள். விழுக்காட்டை மட்டும் பார்ப்பவர் கட்சி பின்வாங்கிவிட்டது என்பார். அவைக்குள் போய் எண்ணிப் பார்ப்பவர் முன்னேறியிருக்கிறது என்பார். இதற்கு நேர்மாறாக, 2022 உத்தரப் பிரதேசச் சட்டமன்றத் தேர்தலில் 40 விழுக்காடு இடங்களைப் பெண்களுக்குத் தருவதாகக் காங்கிரஸ் அறிவித்தது. மாநிலம் முழுவதும் அக்கட்சி வென்றது 2 தொகுதிகள். அவற்றில் ஒன்று ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது. இழக்க ஒன்றும் இல்லாத கட்சி தாராளமாக இருப்பது எளிது.

ஒடிசாவில் நடந்தது வேறு. 2019இல் பிஜு ஜனதா தளம் 21 மக்களவைத் தொகுதிகளில் 7ஐப் பெண்களுக்குக் கொடுத்தது. 5 பேர் வென்றார்கள். அந்த ஏழில் ஒன்று அஸ்கா. தந்தை பிஜு பட்நாயக் மறைந்த பின் நவீன் பட்நாயக் முதன்முதலில் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது அந்தத் தொகுதி வழியாகத்தான். அதை மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவியான பிரமிளா பிசோயிக்குக் கொடுத்தார்கள். அவர் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். கட்சி தன் வீட்டுத் தொகுதியைக் கொடுத்ததா என்பதே நான் முதலில் பார்ப்பது. ஆனால் அதே தேர்தலோடு சேர்ந்து நடந்த சட்டமன்றத் தேர்தலில் அக்கட்சி அந்த மூன்றில் ஒரு பங்கைக் கடைப்பிடிக்கவில்லை. மாநில ஆட்சியும் அமைச்சர் பதவியும் எங்கே இருக்கின்றனவோ அங்கே கை இறுகிவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கோவையிலிருந்து ஒருவர்: நாம் தமிழர் கட்சி சரிபாதி கொடுக்கிறதே, அதை ஏன் யாரும் பேசுவதில்லை?

பேசுகிறேன். 2021இல் 234இல் 117 பெண்கள். 2019, 2024 மக்களவைத் தேர்தல்களில் 40இல் 20 பேர். தமிழ்நாட்டின் பெரிய கட்சிகள் எவையும் இதை நெருங்கவில்லை. இத்தேர்தல்களில் அக்கட்சியின் ஆண்களும் வெல்லவில்லை என்பதால், நல்ல தொகுதிகளை ஆண்களுக்கு வைத்துக்கொண்டதா என்ற என் சோதனையை அதன்மீது நடத்த வழியில்லை. விருப்ப மனு கொடுத்து, நேர்காணலுக்குப் போய், பிரசாரம் செய்து பழகிய பெண்கள் நூற்றுக்கணக்கில் உருவாகியிருப்பது உண்மையான பயன். அதே 2021இல் சட்டமன்றத்துக்குள் போன பெண்கள் 12 பேர். அந்தக் கணக்கை வெல்லும் கட்சிகளிடம்தான் கேட்க வேண்டும்.

புதுச்சேரியிலிருந்து ஒருவர்: பிரான்சில் சரிபாதி என்று சட்டமே இருக்கிறதாமே, அதை அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாதா?

எந்தப் பாதியைக் கொண்டுவருவது என்று கேட்க வேண்டியிருக்கிறது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் நகராட்சித் தேர்தலுக்கு ஒரு விதியும் நாடாளுமன்றத்துக்கு வேறொரு விதியும் வைத்தது. அன்று 3,500 பேருக்கு மேல் வாழ்ந்த ஊர்களில், சட்டம் சொன்ன அளவுக்குப் பெண்கள் இல்லாத வேட்பாளர் பட்டியல் ஏற்கப்படவில்லை. 2001லேயே அந்த மன்றங்களில் பெண்கள் கிட்டத்தட்டப் பாதியை எட்டினார்கள். நாடாளுமன்றத்துக்கோ, குறைவாக நிறுத்தினால் அரசு தரும் நிதியில் வெட்டு, அவ்வளவுதான். பெரிய கட்சிகள் கணக்குப் போட்டுப் பார்த்து நிதியை இழக்கத் துணிந்தன. 2002இல் 577 உறுப்பினர்களில் பெண்கள் 71 பேர். அதற்கு முந்தைய தேர்தலில் 63 பேர். பணக்காரக் கட்சிக்கு அபராதம் என்பது இன்னொரு செலவுக் கணக்கு. ஆகவே எந்த மசோதாவைப் படித்தாலும் முதலில் தண்டனைப் பிரிவைப் படியுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்: எங்கள் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீத (விழுக்காடு) ஒதுக்கீடு வந்த பிறகும் வட்டாரங்களில் பெண் வேட்பாளர்களை அதிகம் காணவில்லை. ஏன்?

சட்டம் எழுதப்பட்ட விதமே காரணம். உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரங்களிலிருந்தும் 40 வீதம் கட்சிகள் தரும் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். வட்டார வேட்பாளர்களில் 10 வீதமும் மேலதிகப் பட்டியலில் 50 வீதமும் பெண்களாக இருந்தால் வேட்புமனு செல்லும். பெண்களைப் பட்டியலுக்கு அனுப்பிவிட்டு வட்டாரத்தை ஆண்களுக்கு வைத்துக்கொள்ள இதைவிட வசதியான ஏற்பாடு கிடைக்காது. இருந்தாலும் 2018க்கு முன்பு 2 வீதம் அளவில் கிடந்த எண்ணிக்கை ஒரே தேர்தலில் பன்மடங்கானது. அடுத்த போராட்டத்தை அந்த 10 வீதத்தின் மேல் நடத்துங்கள்.

சேலத்திலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஒன்றியச் செயலாளர்: ஐயா, முப்பது வருடம் கொடி கட்டியவனை ஒதுக்கிவிட்டு, தலைமை அனுப்பும் பெண்ணுக்கு வேலை செய் என்றால் தொண்டன் செய்வானா? பிரிட்டனில் தொழிற்கட்சி இப்படிச் செய்து சொந்தக் கோட்டையையே இழக்கவில்லையா?

இழந்தது. வேல்ஸின் சுரங்கப் பகுதியான பிளைனை குவென்ட், தொழிற்கட்சியின் பெருந்தலைவர்களான அனைரின் பெவனும் மைக்கேல் ஃபுட்டும் பிரதிநிதித்துவம் செய்த பகுதி. 2001இல் தொழிற்கட்சி அங்கே 19,000க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றது. 2005 தேர்தலுக்கு அதைப் பெண்கள் மட்டும் அடங்கிய தேர்வுப் பட்டியலுக்கு ஒதுக்கினார்கள். உள்ளூர்க்காரரும் வேல்ஸ் சட்டமன்ற உறுப்பினருமான பீட்டர் லா கட்சியை விட்டு வெளியேறிச் சுயேச்சையாக நின்று, 9,000க்கும் மேற்பட்ட வாக்குகளில் மேகி ஜோன்ஸைத் தோற்கடித்தார். ஒதுக்கீட்டை எதிர்ப்பவர்கள் இன்றும் முதலில் எடுத்துக் காட்டுவது இந்தத் தொகுதியைத்தான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மறு ஆண்டு பீட்டர் லா இறந்தார். 2006 இடைத்தேர்தலில் தொழிற்கட்சி ஓவன் ஸ்மித் என்ற ஆணை நிறுத்தியது. அவரும் இன்னொரு சுயேச்சையிடம் தோற்றார். பெண் என்பதுதான் குறை என்றால் இந்தத் தோல்வியை எப்படி விளக்குவீர்கள்?

மீண்டும் சேலம்: கோபம் ஆறவில்லை என்று விளக்குவேன். ஒரு முறை அவமதித்தால் தொண்டன் இரண்டு தேர்தலுக்கு மறக்க மாட்டான். உங்கள் உதாரணம் என் பக்கம்தான் சாய்கிறது.

ஓரளவு சாய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோபத்தில் இரண்டு பொருள் கலந்திருக்கிறது. பெண் என்பது ஒன்று; லண்டனிலிருந்து வந்தவர் என்பது மற்றொன்று. மேகி ஜோன்ஸ் தொழிற்சங்க நிர்வாகியாக லண்டனில் இருந்தவர். பெண்களுக்கென்று தொகுதியை ஒதுக்குவது தலைமையின் முடிவு என்றாலும், அந்தப் பட்டியலிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பது உள்ளூர் உறுப்பினர்களின் வாக்குத்தான். நம் ஊரில் அந்த வாக்கும் கிடையாது. உங்கள் ஒன்றியத்தில் ஆண் வேட்பாளரை எப்போதாவது தொண்டர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்களா? தலைமை அறிவித்த பெயருக்குத்தானே சுவரில் எழுதினீர்கள்? கூட்டணிக் கட்சிக்குத் தொகுதியைத் தள்ளிவிடும்போது முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்கிற தொண்டன், பெண் என்றால் மட்டும் செய்ய மாட்டான் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரு தொகுதியை வைத்து முழு ஏற்பாட்டையும் அளக்கவும் முடியாது. 1997 தேர்தலில் இவ்வகைப் பட்டியல் வழியாக வேட்பாளரானவர்கள் 38 பேர். வென்றவர்கள் 35 பேர். அந்தத் தேர்தலுக்கு முன்பே, 1996இல், பட்டியலில் இடம் மறுக்கப்பட்ட இரண்டு ஆண்கள் தொடுத்த வழக்கில் இந்த முறை பாலினப் பாகுபாட்டுச் சட்டத்துக்கு முரணானது என்று தொழில் தீர்ப்பாயம் தீர்ப்பளித்தது. ஏற்கெனவே தேர்வான பெண்கள் அப்படியே நின்றார்கள்; அதற்குமேல் கட்சி இந்த முறையைக் கைவிட்டது. 2001இல் அவையில் பெண்களின் மொத்த எண்ணிக்கை 120இலிருந்து 118ஆகக் குறைந்தது. 2002இல் சட்டத்தைத் திருத்தி மீண்டும் கொண்டுவந்தார்கள். 2005இல் 30 பேரில் 23 பேர் வென்றார்கள். தன் நாடாளுமன்ற உறுப்பினர்களில் பாதிக்கு மேல் பெண்களாகிவிட்ட நிலையில், இனி இதற்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று 2022இல் கட்சியே இதை நிறுத்திக்கொண்டது.

மதுரையிலிருந்து ஒருவர் (இந்த விவாதத்தில் நுழைந்து): சேலத்து ஐயா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தொண்டனையும் நோகடிக்காமல் பெண்ணுக்கும் கொடுக்க வழியே இல்லையா?

இருக்கிறது, அதே வேல்ஸில், அதே கட்சி செய்தது. 1999இல் வேல்ஸ் சட்டமன்றத்துக்கு முதல் தேர்தல் வந்தபோது தொகுதிகளை இரண்டிரண்டாகச் சேர்த்தார்கள். இரு தொகுதி உறுப்பினர்களும் சேர்ந்து ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போதும் சலசலப்பு இருந்தது. ஆனால் எந்தத் தொகுதியும் முழுவதாக ஆண்களுக்கு மூடப்படவில்லை. 60 இடங்களில் பெண்கள் 24 பேர் வந்தார்கள். 2003இல் சரியாக 30 பேர். சேலம் மேற்கையும் சேலம் வடக்கையும் இப்படி ஒரு சோடியாகப் போட்டால் நீங்கள் இருவருமே என்னோடு சண்டை போட மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

மீண்டும் சேலம்: சோடி என்றால் சம பலமுள்ள தொகுதிகளா?

இதைத்தான் கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். ஆம், சம பலம் உள்ளவையாக இருக்க வேண்டும். வெல்லும் தொகுதியையும் தோற்கும் தொகுதியையும் சோடி சேர்த்தால் யாருக்கு எது போகும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

பெயர் குறிப்பிடாத ஒருவர்: தகுதி பார்த்துக் கொடுத்தால் போதாதா?

இதே கேள்வி வேறு வேறு சொற்களில் வரிசையாக வந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதில். இன்று ஆண்களுக்குத் தகுதி பார்க்கும் முறையை, எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, எழுத்தில் காட்டுங்கள். அதே தாளைப் பெண்களுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: வென்ற பிறகு கணவர்தானே நாற்காலியில் உட்காருவார்?

ஊராட்சித் தலைவர்களைப் பற்றிய கேள்வி இது. அதைக் கள ஆய்வு செய்தவர்களிடம் கேளுங்கள். வேட்பாளர் தேர்வில் இதற்கு நெருக்கமானது மெக்சிகோவில் நடந்தது. அங்கே ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மாற்று உறுப்பினர் உண்டு. 2009 தேர்தலில் வென்ற பெண்களில் எட்டுப் பேர் பதவி விலகி, மாற்றாக இருந்த ஆண்கள் உள்ளே வந்தார்கள். ஒதுக்கீடு எண்ணிக்கையளவில் நிறைவேறியது. இருக்கை ஆண்களுக்குப் போனது. 2011இல் தேர்தல் தீர்ப்பாயம், பெண் வேட்பாளருக்கு மாற்றும் பெண்ணாகவே இருக்க வேண்டும் என்று உத்தரவிட்ட பிறகு அந்த வழி அடைபட்டது.

மற்றொருவர்: எத்தனை விழுக்காடு கேட்கலாம், 33ஆ 50ஆ?

முதல் பதிலைப் படியுங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு மகளிரணி நிர்வாகி: எங்கள் மாவட்டச் செயலாளரிடம் பேசப் போகிறோம். கையில் என்ன கொண்டு போக வேண்டும்?

கடந்த இரண்டு தேர்தல்களில் மாவட்டத்தின் ஒவ்வொரு தொகுதியிலும் உங்கள் கட்சி எத்தனை வாக்கு வித்தியாசத்தில் வென்றது அல்லது தோற்றது என்ற விவரத்தைத் தேர்தல் ஆணையத்தின் தளத்திலிருந்து எடுத்து, பலமானதிலிருந்து பலவீனமானது வரை வரிசைப்படுத்தி ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கூட்டணிக்குப் போகும் தொகுதிகளைத் தனியே குறியுங்கள். ‘உங்களுக்குத்தான் வைத்திருந்தோம், கூட்டணிக்குப் போய்விட்டது’ என்ற பதில் அங்கிருந்துதான் வரும். மேல் பாதியில் எத்தனை, கீழ்ப் பாதியில் எத்தனை என்று இரண்டு எண்களாகக் கேளுங்கள். மொத்தம் எத்தனை என்று மட்டும் கேட்டால் கீழ்ப் பாதியிலிருந்தே எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிடுவார். விருப்ப மனு வாங்கத் தொடங்குவதற்கு முன்பே போய்விடுங்கள். நேர்காணல் தேதி அறிவித்த பிறகு போனால் பேசுவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.