சின்னக் கடல்நீர்த் தொட்டியில் கோபிபாட்: கேட்டவர்களுக்குப் பதில்

கோபிபாட் (தொட்டியில் வளரும் கடுகிலும் சின்ன உயிர், சுருக்கமாகப் பாட்ஸ்) பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று சொன்னதுதான் தாமதம், வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். என் தொட்டி 2 அடிக்கு 1 அடிக்கு 1 அடி. கணக்குப்படி 56 லிட்டர். கல்லும் மணலும் போக 45 லிட்டர் தண்ணீர் நின்றாலே அதிகம். சாஃப்ட் கோரல் (மென்பவளம்), இரண்டு கிளவுன் மீன், சம்ப் (கீழே வைக்கும் ஃபில்டர் தொட்டி) கிடையாது. ஆகவே கீழே இருப்பதெல்லாம் சின்னத் தொட்டிக்கான பேச்சு. ஆறடித் தொட்டிக்காரர்கள் சிரிக்க வேண்டாம்.

கேள்வி (கோவை): அண்ணா, எல்லோரும் பாட்ஸ் போடு, பாட்ஸ் போடு என்கிறார்கள். கண்டிப்பாக வேண்டுமா?

கிளவுன் மீன் மட்டும் வளர்க்கிறீர்கள், வேளாவேளைக்குத் தீனி போடுகிறீர்கள் என்றால் இல்லாமலும் தொட்டி ஓடும். கோபிபாட் என்பது இறால், நண்டுக்குச் சொந்தக்கார உயிர். வளர்ந்தது சுமார் 1 மில்லிமீட்டர் இருக்கும், குஞ்சு கண்ணுக்கே தெரியாது. கல்லில் படியும் மெல்லிய பாசி, மீன் விட்ட மிச்சம், மூலையில் சேரும் கசடு எல்லாவற்றையும் மேயும். அதை மீன் தின்னும், அதன் குஞ்சுகளைப் பவளங்களும் பிடித்துத் தின்னும். முன்பெல்லாம் கடல் உயிர்கள் குடியிருக்கும் லைவ் ராக்கோடு ஒட்டிக்கொண்டு தானாக வந்துவிடும். இப்போது எல்லோரும் காய்ந்த கல்லில் தொட்டி தொடங்குகிறோம், அதில் ஒன்றும் வராது. அதனால்தான் பாட்டிலில் வாங்க வேண்டியிருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நீளமாக முடி மாதிரி வளர்ந்த பாசியைக் கோபிபாட் தின்று தீர்த்துவிடும் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். அதற்குக் கையும் பிரஷ்ஷும்தான்.

கேள்வி (மதுரை): தொட்டியில் தண்ணீர் விட்டுப் பத்து நாள் ஆகிறது. இப்போதே ஊற்றலாமா சார்?

வேண்டாம். அம்மோனியா, நைட்ரைட் என்ற நச்சுகள் இரண்டும் பூஜ்யத்துக்கு வரட்டும். அதற்குப் பிறகு மணலிலும் கண்ணாடியிலும் பழுப்பாக ஒரு படலம் படியும், பார்க்கவே அசிங்கமாக இருக்கும். அது டயாட்டம் என்ற நுண்பாசி. அதைத் துடைக்கக் கை பரபரக்கும். துடைக்காமல் அன்றைக்குப் பாட்டிலைத் திறங்கள். வந்து இறங்கும் நேரத்தில் சாப்பாடு தயாராக இருக்கும்.

கேள்வி (சிங்கப்பூர்): கடையில் டிஸ்பி, டிக்ரியோபஸ், அபோசைக்ளாப்ஸ் என்று மூன்று வகைப் பாட்ஸ் இருக்கின்றன. எதை எடுப்பது?

சின்னத் தொட்டிக்கு என் ஓட்டு டிஸ்பிக்கு. உருவத்தில் சிறியது, வெள்ளையாக இருக்கும், கல்லிடுக்கை விட்டு அதிகம் வெளியே வராது. அதனால் மீன் வாயிலிருந்து தப்பிக்கும். சூடு 25, 26 டிகிரியில் நின்றால் முட்டையிலிருந்து பெரிதாவதற்கு ஒன்றரை வாரம் போதும்.

டிக்ரியோபஸ் பெரியது, ஆரஞ்சு நிறம், பாட்டிலில் பார்க்க ஜோராக இருக்கும். வட அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில், அலை எட்டி எட்டித் தெறிக்கும் பாறைக் குழிகளில் வாழ்வது. வெயிலில் அந்தக் குழி வற்றி உப்பு ஏறும், மழை பெய்தால் நீர்த்துப் போகும். இரண்டையும் தாங்கிப் பழகிய ஜீவன் என்பதால் கூரியரில் இரண்டு நாள் கிடந்தாலும் உயிரோடு வந்து சேரும். குறை என்னவென்றால் திறந்த நீரில் துள்ளித் துள்ளி நீந்தும். நிறமும் எடுப்பு. கிளவுன் மீன் இரண்டும் அன்றைக்கே விருந்து முடித்துவிடும். அது தொட்டியில் குடியேறிப் பெருகும் என்று நினைக்காமல் உயிருள்ள தீனி என்று நினைத்து வாங்குங்கள்.

அபோசைக்ளாப்ஸ் நடுவில். தண்ணீரிலும் நீந்தும், அடியிலும் மேயும். காசு இருந்தால் டிஸ்பியோடு இதையும் கலந்து விடலாம்.

கேள்வி (சென்னை, கொளத்தூர்): 900 ரூபாய் கொடுத்து வாங்கி ஊற்றினேன். மறுநாள் ஒன்றையும் காணோம். ஏமாற்றிவிட்டார்களா?

கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் ஃபில்டரைப் பாருங்கள். என் முதல் பாட்டில் கதையைச் சொல்கிறேன். காலை பத்து மணி, லைட் பளிச்சென்று எரிகிறது, பம்ப் ஓடுகிறது, மீன்கள் பசியோடு மேலே நிற்கின்றன. நான் பாட்டிலைக் கவிழ்த்தேன். பாதியை மீன் தின்றது. மீதி எங்கே என்று மறுநாள் தேடினேன். பின்னாலிருந்த ஃபில்டர் பையைக் கழற்றி வெள்ளைக் கிண்ணத்தில் உதறினால், அதில் நூற்றுக்கணக்கில் ஆரஞ்சுப் புள்ளி. பாதி துடிக்கிறது, பாதி அசையவில்லை. அந்தப் பையின் கண் 200 மைக்ரான், அதாவது 0.2 மில்லிமீட்டர். குஞ்சு நுழைந்து போய்விடும், வளர்ந்தது மாட்டிக்கொள்ளும்.

இப்போது செய்வது இப்படி. பாட்டிலை மாலையில் தொட்டித் தண்ணீரில் அரை மணி நேரம் மிதக்க விட்டுச் சூட்டைச் சமப்படுத்துவேன். பாட்டிலின் உப்பு அளவையும் ஒரு தடவை பார்ப்பேன். வித்தியாசம் அதிகமென்றால் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பேன். லைட் அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, மீன்கள் ஒதுங்கியதும் பம்ப், ஸ்கிம்மர் (கழிவை நுரையாக எடுக்கும் கருவி), யுவி (கிருமி கொல்லும் விளக்கு) எல்லாம் நிறுத்தம். ஒரு நீளக் குழாயைக் கல்லுக்கு அடியில் விட்டு, சிரிஞ்சால் மெதுவாக அங்கேயே இறக்குவேன். மேலே கொட்டுவதே இல்லை. அரை மணி நேரம் கழித்துப் பம்பைப் போட்டுவிடலாம். காற்றோட்டம் இல்லாமல் இரவு முழுக்க விட்டால் மீனுக்கு மூச்சு முட்டும். ஃபில்டர் பையை மட்டும் இரண்டு மூன்று நாள் கழற்றி வைத்துவிடுவேன்.

பாட்டில் தண்ணீர் கலங்கலாக, நாற்றமாக இருந்தால் காபி வடிகட்டும் பேப்பரில் ஊற்றி, தங்கியதை உடனே தொட்டித் தண்ணீரில் அலசி எடுங்கள். அழுகிய முட்டை வாடையே அடித்தால் கடைக்கே திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

கேள்வி (திருச்சி): உயிரோடு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பாட்டிலைக் குலுக்காமல் பத்து நிமிடம் வைத்து, பாட்டிலின் பின்பக்கமிருந்து டார்ச் அடியுங்கள். உயிருள்ளது விட்டு விட்டுத் துள்ளும், அல்லது அடியில் ஊரும். மிதந்து வரும் வெற்றுத் தோலைப் பார்த்துப் பயப்படாதீர்கள், தோல் உரிப்பது அதன் வளர்ச்சி.

கேள்வி (டொராண்டோ): அண்ணா, மாண்டரின் மீன் மேல் ஆசை. என்னுடையது 60 லிட்டர். வாரம் ஒரு பாட்டில் வாங்கி ஊற்றினால் போதுமா?

போதாது தம்பி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாண்டரின் பகல் முழுக்கப் பாட்ஸ் தேடிக் கல்லைக் கொத்திக்கொண்டே நகரும். பத்து விநாடிக்கு ஒரு கொத்து என்று குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 360, பத்து மணி நேரத்துக்கு 3600. கொத்துக்கு ஒன்று கிடைத்தால்கூட, ஆயிரம் பாட்ஸ் என்று எழுதிய பாட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்குள் காலி. மிச்ச ஆறு நாள் என்ன செய்யும்?

இந்த மீனின் கொடுமை, பட்டினி கிடப்பது சீக்கிரம் தெரியாது. நிறம் அப்படியே இருக்கும், கொத்துவதும் நிற்காது. மேலிருந்து பாருங்கள்: தலைக்குப் பின்னால் முதுகு ஒடுங்கி, வயிறு உள்ளே போயிருக்கும். அப்போது ஓடினால் பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். நானும் ஒன்றை இப்படித்தான் இழந்தேன், இரண்டு மாதத்தில். அனுபவசாலிகள் 200 லிட்டருக்கு மேல், ஒரு வருடமாவது ஓடிய தொட்டி, கூடவே ரெஃப்யூஜியம் (பாட்ஸ் மீனிடமிருந்து தப்பிப் பெருகும் தனி அறை) என்பார்கள். ஃப்ரோசன் தீனிக்குப் பழகிய, பண்ணையில் பிறந்த மாண்டரின் கிடைத்தால் வேறு பேச்சு. ஆனால் அது சாப்பிடுவதைக் கடையிலேயே கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள். சிக்ஸ்லைன் ராஸ் என்ற மீனும் பாட்ஸ் தின்னும் இதே பட்டியலில்தான். அது பட்டினி கிடக்காது, உங்கள் பாட்ஸைத்தான் மிச்சம் வைக்காது.

கேள்வி (ஈரோடு): டிக்ரியோபஸ் இரண்டு இரண்டாக ஒட்டிக்கொண்டு நீந்துகின்றன. நோயா?

நோயில்லை, காவல்! ஆண், இன்னும் பருவத்துக்கு வராத பெண்ணைத் தன் உணர்கொம்பால் பிடித்துக்கொண்டு, அது கடைசித் தோல் உரிக்கும் வரை விடாமல் சுற்றும். பெண் ஒரே ஒரு தடவைதான் இணையும்; அதை வைத்தே அடுத்தடுத்துப் பல ஈடு குஞ்சு பொரிக்கும். அதனால்தான் இந்தப் பிடிவாதம். பிறகு வயிற்றுக்குக் கீழே ஒரு சின்ன உருண்டை தொங்குவது தெரிந்தால் அதுதான் முட்டைப் பை. லென்ஸ் இருந்தால் பாருங்கள், முட்டைகள் திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும்.

கேள்வி (புதுச்சேரி): வீட்டிலேயே வளர்க்க முடியுமா? மாதாமாதம் வாங்கக் கட்டுப்படியாகவில்லை.

தாராளமாக. நான் ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவில் வளர்க்கிறேன். தொட்டியின் உப்பு அளவிலேயே தண்ணீர். காற்றுக் குழாய் உண்டு, அதன் முனையில் மாட்டும் குமிழிக் கல் வேண்டாம். நுண்குமிழி இவற்றுக்கு ஆகாது. விநாடிக்கு இரண்டு மூன்று பெரிய குமிழி வந்தால் போதும். வெயில் படாத மூலை. நம் ஊரில் ஹீட்டர் தேவையில்லை. மே மாதத்தில் டப்பாவைக் கூலான அறைக்கு மாற்ற வேண்டிவரும், அவ்வளவுதான்.

சாப்பாடு ஃபைட்டோபிளாங்டன் (தண்ணீரில் மிதக்கும் நுண்பாசி). தண்ணீர் இளம் பச்சையாகத் தெரியும் அளவுக்கு விட்டு, தெளிந்ததும் அடுத்த தவணை. தெளியும் முன்பே ஊற்றினால் டப்பா அழுகும். புதிதாக வளர்ப்பவர்கள் கெடுப்பதெல்லாம் இதில்தான். நானோகுளோராப்சிஸ் என்ற நுண்பாசி மட்டும் கொடுத்தால் வயிறு நிறையும், ஆனால் அதில் டிஎச்ஏ என்ற கொழுப்பு இல்லை. பொன்பழுப்பாக இருக்கும் ஐசோகிரைசிஸில் அது நிறைய உண்டு. இரண்டையும் கலந்து கொடுங்கள். பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்து, தினம் ஒரு தடவை குலுக்குங்கள். (வீட்டில் யாரும் ஜூஸ் என்று குடித்துவிடாமல் பேர் எழுதி ஒட்டுங்கள். சிரிப்புக்குச் சொல்லவில்லை.)

வற்றும் தண்ணீருக்குப் பதில் உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை கால்பங்கு வடித்து எடுத்தால் அதுதான் உங்கள் அறுவடை. இரண்டாவது டப்பா ஒன்று தனியாக இருக்கட்டும். ஒன்று செத்தால் மற்றது காப்பாற்றும்.

கேள்வி (இராமநாதபுரம்): எங்கள் ஊர்க் கடற்கரையில் பவளக் கல் கிடக்கிறது. அதில் பாட்ஸ் இருக்குமே, எடுத்துப் போடலாமா?

இருக்கும். ஆனால் எடுக்காதீர்கள். கல் பவளங்கள் 2001-லிருந்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. உங்கள் பக்கத்து மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ம் 1986-லிருந்து தேசியப் பூங்கா. மாட்டினால் ஜாமீனுக்கு அலைய வேண்டியிருக்கும்.

சென்னையிலிருந்து ஒருவர் பெசன்ட் நகரில் வலை போட்டுப் பிளாங்டன் அள்ளலாமா என்றும் கேட்டிருந்தார். பக்கத்தில் அடையாறு வந்து கலக்கிறது, அதை யோசியுங்கள். தவிர அந்த வலையில் கோபிபாட் மட்டும் வராது. கொட்டும் ஹைட்ராய்டு, மீன் மேல் ஒட்டும் ஒட்டுண்ணி எல்லாம் சேர்ந்தே வரும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): கண்ணாடியில் வெள்ளையாக ஏதோ ஓடுது. பாட்ஸா, வேற ஏதாவதா?

துள்ளித் துள்ளி நகரும் வெள்ளைப் புள்ளி என்றால் கோபிபாட். சின்ன இறால் மாதிரி வளைந்து, பக்கவாட்டில் ஓடினால் ஆம்பிபாட், அதுவும் நல்லதுதான். துள்ளாமல் வழுக்கிக்கொண்டே போனால் தட்டைப்புழு. மீன் உடம்பில் ஏறி உட்கார்ந்தால் மட்டும் உடனே படம் எடுத்து அனுப்புங்கள்.

கேள்வி (சேலம்): மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய். தொட்டியில் காப்பர் மருந்து விட்டால் பாட்ஸ் தாங்குமா?

தாங்காது. பவளமும் இறாலும் சேர்ந்து போகும். மீனைத் தனி டப்பில் வைத்து வைத்தியம் பாருங்கள். அக்ரோபோரா பவளத்துச் சிவப்புப் பூச்சிக்கு நாய்களுக்கான இதயப்புழு மாத்திரையைப் போடுகிறவர்களும் கவனியுங்கள். அந்தச் சிவப்புப் பூச்சியே ஒரு கோபிபாட்தான். அதைக் கொல்லும் மருந்து உங்கள் பாட்ஸையும் விட்டுவைக்காது.

கேள்வி (திருநெல்வேலி): சம்ப் இல்லாத தொட்டி. ஊற்றி இரண்டு மாதம். பெருகியதா இல்லையா என்று எப்படித் தெரியும்? இன்னொரு பாட்டில் வாங்கவா?

வாங்குவதற்கு முன் ஒளிய இடம் இருக்கிறதா பாருங்கள். பின் அறை இருக்கும் தொட்டி என்றால் அதில் ஒரு கைப்பிடி கீட்டோ பாசி, கொஞ்சம் செராமிக் வளையம், ஒரு சின்ன லைட். பெரிய லைட் அணைந்த பிறகு இது எரியட்டும். பின் அறை இல்லையென்றால் தொட்டி மூலையில் விரல்முனை அளவுக் காய்ந்த கல் துண்டுகளைக் குவித்து வையுங்கள், மீன் வாய் நுழையாத இடுக்காக. அந்தக் குவியலைத் துடைக்காதீர்கள், உறிஞ்சாதீர்கள்.

அப்புறம் லைட் அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து, டார்ச் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி, அந்த மூலைக் கண்ணாடியில் அடியுங்கள். கண்ணைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து ஒரு நிமிடம் அசையாமல் இருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு உப்புத் தூள் நகர்வது மாதிரி ஒன்று, அப்புறம் பக்கத்தில் இன்னொன்று. தீப்பெட்டி அளவு இடத்தில் பத்துப் பதினைந்து எண்ண முடிந்தால் பாட்டில் வாங்க வேண்டாம். ஒன்றுமே இல்லையென்றால் கல் குவியலை முதலில் வையுங்கள், இரண்டு வாரம் கழித்து டிஸ்பி ஒரு பாட்டில்.