பழைய வரைபடத்தில் வரத்துக்காலைத் தேடுவது எப்படி?

கேள்வி: ராமநாதபுரம் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவந்த வரத்துக்காலின் தடமே இன்று இல்லை. 1950களில் அமெரிக்க ராணுவம் அச்சிட்ட 1:2,50,000 அளவு வரைபடம் கிடைத்திருக்கிறது. அதைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்திக் கால்வாயைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: கண்மாய் அகப்படும், வரத்துக்கால் அகப்படாது. அந்தத் தாளில் 1 மி.மீ. என்பது தரையில் 250 மீட்டர். இந்திய நில அளவைத் துறையின் பழைய 'ஒரு மைலுக்கு ஓர் அங்குலம்' தாளைத் தேடுங்கள். அதில் 1 மி.மீ.க்கு 63 மீட்டர்தான். ராமநாதபுரம் நகரம் 58 கே/15 எண் தாளில் வரும். ஓரக் குறிப்பையும் படியுங்கள்: அச்சான ஆண்டு வேறு, அளந்த ஆண்டு வேறு.

பொருத்துவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். தாளின் ஓரத்து அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே ஜிபிஎஸ் அளவாகக் கொடுத்தால் எல்லாமே நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். பூமியின் வடிவத்துக்குப் பழைய தாள் எடுத்துக்கொண்டது எவரெஸ்ட் நீள்கோளக் கணக்கு, ஜிபிஎஸ் எடுத்துக்கொள்வது வேறு கணக்கு. அதனால் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில், தரையில் இன்றும் அசையாமல் இருக்கும் எட்டுப் பத்து இடங்களைத் தாளெங்கும் பரவலாகக் குறித்துப் பொருத்துங்கள்: கோயில், பழைய ரயில் நிலையம், கண்மாய்க்கரையின் திருப்பம். வைகை வந்து சேரும் ராமநாதபுரம் பெரிய கண்மாயின் கரை இதற்கு அருமையான அடையாளம். கடலோரத்தை நம்பவே வேண்டாம். முகத்துவார மணல் இடம் மாறும். தனுஷ்கோடி ரயில் பாதையோ 1964 டிசம்பர் புயலோடு போய்விட்டது. ஒரு புள்ளிக்கு மென்பொருள் காட்டும் பொருத்தப் பிழை தாளின் அளவில் 1 மி.மீ.யைத் தாண்டினால் அந்தப் புள்ளியை மறுபடி பாருங்கள். மடித்து வைத்த தாளின் நகல் இழுபட்டிருக்கும். மூலத்தையே தட்டையாக வைத்து ஸ்கேன் செய்யுங்கள்.

இனி வாசிப்பு. நீல நிறத்தைவிடக் கரைக்கோடுதான் முக்கியம். அதன் அருகே எண்ணோடு ஆங்கில 'ஆர்' எழுத்து இருந்தால், அது சுற்றுத் தரையிலிருந்து கரையின் உயரம், அடியில். சமஉயரக் கோடுகள் 50 அடிக்கு ஒன்று. நம் சமவெளியில் அவை உதவாது. கரை பெரும்பாலும் வில்போல் வளைந்திருக்கும். கரையில்லாத திறந்த பக்கம்தான் தண்ணீர் வரும் பக்கம். அங்கிருந்து மேட்டுப் பக்கம் உள்ள கண்மாய்க்குப் போய் அதன் கலுங்கை (மிகைநீர் வழிந்து வெளியேறும் இடம்) தேடுங்கள். இங்கே கண்மாய்கள் சங்கிலியாக அமைந்தவை. மேல் கண்மாயின் மறுகாலே (கலுங்கில் வழியும் நீர் ஓடும் கால்) பல இடங்களில் கீழ்க் கண்மாயின் வரத்துக்கால். தாளில் கோடு விட்டுப்போயிருந்தாலும் இந்த இரண்டு முனைகளும் கிடைத்துவிட்டால், நடந்து பார்க்க வேண்டிய பாதை கையில் வந்துவிடும்.

ஆக்கிரமிப்பு என்று மனுக் கொடுக்க இந்தத் தாள் போதாது. கிராம வரைபடமும் புலப்படமும் (ஒவ்வொரு புல எண்ணுக்குமான அளவுப் படம்) வாங்கி, தடம் எந்தப் புல எண்ணில் விழுகிறது என்று பார்த்து, கிராம நிலங்களின் வகையைக் காட்டும் 'அ' பதிவேட்டில் அது வாய்க்கால் புறம்போக்கா என்று சரிபாருங்கள்.