நிர்வாகி அண்ணன்

கேள்வி: அப்பாவும் அம்மாவும் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார்கள். பேங்க் டெபாசிட், ஷேர் எல்லாவற்றுக்கும் அண்ணன்தான் நாமினி. இருவர் சொத்தையும் நிர்வகிக்க அதிகாரம் கேட்டு இப்போது கோர்ட்டில் மனு போட்டிருக்கிறார். என்னைச் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார். மறுத்தால் குடும்ப மானம் போய்விடும் என்கிறார் சித்தப்பா. என்ன செய்வது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அண்ணன் கோர்ட் படி ஏறியபோது போகாத மானம், தங்கை ஏறினால் மட்டும் போய்விடுமா?

நாமினி கதையை முதலில் முடித்துவிடுவோம். நாமினி பணத்தை வாங்கி வைப்பவர்தான், சொந்தக்காரர் அல்ல. பேங்க் டெபாசிட்டுக்கு 2010-லும் ஷேருக்கு 2023-லும் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லிவிட்டது. உயில் இல்லாத அப்பா சொத்திலும் அம்மா சொத்திலும் மகனுக்கு என்ன பங்கோ அதே பங்குதான் மகளுக்கும்.

நிர்வாக அதிகாரம் கிடைத்தாலும் அண்ணன் முதலாளி ஆகிவிட மாட்டார். 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல், ஒரு வருடத்துக்குள் வரவு செலவுக் கணக்கு, இரண்டையும் கோர்ட்டில் கொடுக்க வேண்டும். வேண்டுமென்றே கொடுக்காவிட்டால் அதிகாரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம்.

ஜெயலலிதா இறந்த பிறகு அவர் சொத்துக்கு நிர்வாகி வேண்டும் என்று கேட்டு வந்தவர்கள் கட்சிக்காரர்கள். உயர் நீதிமன்றம் 2020-இல் அதை ஏற்காமல், அண்ணன் பிள்ளைகளான தீபாவும் தீபக்கும்தான் வாரிசுகள் என்றது. அங்கே வெளியாட்கள். உங்கள் வீட்டில் வாரிசே கேட்கிறார் என்பதால், அவருக்கு அதிகாரம் கிடைக்க வாய்ப்பு அதிகம். அதனால்தான் இப்போதே விழித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

மனுவில் சொத்து விவரம் இருக்கும். நகல் வாங்கி வரி வரியாகப் படியுங்கள். அம்மாவின் நகை அதில் இருக்கிறதா? இந்த மாதிரிப் பட்டியல்களில் நிலம் விடுபடாது, நகைதான் விடுபடும். விடுபட்டிருந்தால் சம்மதம் தராதீர்கள். ஒரு வக்கீலை வைத்து கேவியட் போடுங்கள், அதாவது உங்களைக் கேட்காமல் அதிகாரம் தரக் கூடாது என்று கோர்ட்டில் மனு கொடுங்கள். நீங்கள் எதிர்த்தால் மனு வழக்காக மாறி, சாட்சி, விசாரணை என்று நடக்கும். வருடக்கணக்கில் இழுக்கும், செலவும் ஆகும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பட்டியல் சரியாக இருந்தால் சண்டை எதற்கு? சம்மதித்துவிட்டு, கணக்கை மட்டும் விடாமல் கேளுங்கள்.

அப்புறம், நிர்வாகி ஆகிறவர் ஜாமீன்தாரரோடு கோர்ட்டுக்குப் பத்திரம் எழுதித் தர வேண்டும். சித்தப்பாவுக்குக் குடும்ப மானத்தில் இவ்வளவு அக்கறை இருப்பதால், அந்த ஜாமீன் கையெழுத்தை அவரையே போடச் சொல்லிப் பாருங்களேன்.