ஏலத்தோட்டக் கூலி: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

தோட்டத் தொழிலாளர்களின் குறைந்தபட்சக் கூலியை விலைவாசிக்குத் தக்கபடி உயர்த்த வேண்டும் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்குக் கேரளத்து நெடுங்கண்டம் பக்கம் மூன்று ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது. வீடு கம்பத்தில். உரம், மருந்து, ஜீப் வாடகை எல்லாமே ஏறிவிட்டன. கூலியும் ஏறினால் என்னைப் போன்றவர்கள் தோட்டத்தைப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். எஸ்டேட்டில் இருப்பவர்களுக்கு வீடு இலவசம், ஆஸ்பத்திரி இலவசம். அதையும் கூலியோடு சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டாமா? கூலி ஏறினால் கடையில் விலையும் ஏறும், மறுபடியும் கூலி கேட்பார்கள். இதற்கு முடிவுதான் என்ன?

கம்பத்திலிருந்து ஒரு வாசகர்
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கூலி ஏறியதால் விலை ஏறியதை எங்கள் மலையில் நான் பார்த்ததில்லை. விலைதான் முதலில் ஏறும். 2025இல் தேங்காயெண்ணெய் கிலோ 400 ரூபாயைத் தாண்டியது. அதற்கும் ஏலக்காய் எடுக்கிற பெண்ணின் கூலிக்கும் என்ன சம்பந்தம்? விலை இன்று காலை ஏறுகிறது. கூலியோ பழைய கூலி ஒப்பந்தம் முடிந்து, கூலி பேசும் கமிட்டி கூடி, கலைந்து, மறுபடி கூடி, மாதக்கணக்கில் இழுத்து ஏறுகிறது. நடுவில் இருக்கிற அந்த மாதங்களில் குடும்பம் எதைத் தின்கிறது என்பதுதான் என் கேள்வி.

நான் வளர்ந்தது வண்டிப்பெரியாறு பக்கத்து லயத்தில், அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீட்டில். அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தாள். லயத்துக்குக் கீழே இருந்த மளிகைக் கடையில் வீட்டுக்கு ஒரு பற்று நோட்டு, கடன் எழுதுகிற நோட்டு, இருக்கும். சம்பளம் வந்த வாரம் அரைக் கிலோ பருப்பு, மத்தி மீன், பிள்ளைகளுக்கு பிஸ்கட் என்று எழுதியிருக்கும். மாத நடுவில் முன்பணமாகச் செலவுக்காசு வாங்குகிற நேரத்தில் பருப்பு கால் கிலோ ஆகிவிடும். மாதக் கடைசியில் நூறு கிராம் கருவாடும் டீத்தூளும் மட்டும். அரிசி மட்டும் குறையாது. விலை ஏறிய வருஷங்களில் இந்தக் கடைசி வாரம் பத்து நாளாக நீளும். சம்பளத்தன்று பி.எஃப்., கரண்ட், சங்கச் சந்தா, முன்னால் வாங்கிய செலவுக்காசு எல்லாம் பிடித்தது போகக் கையில் வந்ததை, அம்மா வீட்டுக்கு வராமல் நேரே கடைக்குக் கொண்டுபோய்ப் பற்றை அடைப்பாள். ஏறாத கூலியின் பாக்கியை முதலாளி கொடுக்கவில்லை, சர்க்கார் கொடுக்கவில்லை. கடைக்காரர் கடனாகக் கொடுத்தார். மீதியைப் பிள்ளைகளின் வயிறு கொடுத்தது.

குறைந்தபட்சக் கூலியைக் கணக்கிடும் முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1957இல் 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்த அடிப்படை இன்றும் பேசப்படுகிறது. ஒரு சம்பாத்தியத்தில் மூன்று பங்கு சாப்பாடு: ஆணுக்கு 1, மனைவிக்கு 0.8, இரண்டு பிள்ளைகளுக்குத் தலா 0.6. ஒரு பங்குக்கு 2,700 கலோரி. அதோடு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கஜம் துணி, வாடகை, விறகு, விளக்கு. பிள்ளைகளின் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் இன்னொரு 25 சதவீதம் சேர்க்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் பின்னால் ஒரு தீர்ப்பில் சொன்னது. தொழிலாளியின் வயதான அம்மா அப்பா இந்தக் கணக்கில் இல்லவே இல்லை. முதுகில் கொழுந்தைச் சுமந்து சரிவில் ஏறுகிறவளுக்கு 0.8. இவ்வளவு இறுக்கிப் பிடித்த கணக்கைக்கூட விலைக்கேற்ப முழுசாகப் போட்டால் இன்றைய கூலி போதாது.

வீடு இலவசம் என்கிறீர்கள். வீடு கொடுக்க வேண்டும் என்று 1951ஆம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. தயவு இல்லை. ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னால் ஒரு திண்ணை. வேலை இருக்கும்வரைதான் அது வீடு. அம்மா ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். காலி செய்தால்தான் பணிக்கொடை என்பார்கள். பணிக்கொடை கைக்கு வராமல் எங்கே போய்க் குடியிருப்பது? அதனால் வீட்டில் யாராவது ஒருவர் எஸ்டேட்டில் பெயர் கொடுத்தாக வேண்டும். பத்தாவதில் நல்ல மார்க் வாங்கிய என் சோட்டுப் பெண்கள் எத்தனையோ பேர் அந்த ஒரு அறைக்காகக் கூடையை எடுத்தார்கள். இதைக் கூலியில் கழிக்கச் சொல்லாதீர்கள், தம்பி.

இன்னொன்று. உங்கள் தோட்டத்துக்கு விடியுமுன் கம்பத்திலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்து, கம்பம்மெட்டு ஏறி வருகிற பெண்களுக்கு எந்த லயம் இருக்கிறது? அவர்களுக்கு வாடகை வீடு, வேலைக்கு வராமல் நின்ற நாளுக்குக் கூலி இல்லை.

2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுத் தாங்களே ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று பெயர். 232 ரூபாய் நாள்கூலியை 500 ஆக்கச் சொன்னார்கள். அக்டோபரில் முடிவானது தேயிலைக்கு 301, ஏலக்காய்க்கு 330, ரப்பருக்கு 381. அவர்கள் பேராசைப்பட்டதாக அப்போது பேசியவர்கள் உண்டு. ரிசர்வ் வங்கி வெளியிட்ட கணக்கில், 2022-23இல் கேரளக் கிராமங்களில் கட்டட வேலைக்கு நாள்கூலி 850 ரூபாய்க்கு மேல். அதே சந்தையில்தான் எங்கள் ஆட்களும் அரிசி வாங்குகிறார்கள். பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கிப் போனது ஏன், லயங்களில் இன்று ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்தவர்கள் இருப்பது ஏன் என்று தனியாக ஆராய வேண்டியதில்லை.

உங்கள் கஷ்டம் பொய்யில்லை. ஏலக்காய் 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல விற்பனையில் கிலோ 7,000 ரூபாய்வரை போனது. மூன்று வருஷத்துக்குள் ஆயிரத்துக்குக் கீழே விழுந்தது. மூன்று ஏக்கர்காரர் அந்த அடியைத் தாங்க மாட்டார். ஆனால் 7,000 விற்றபோது அதில் பங்கு கேட்டு எந்தப் பெண்ணும் வந்து நிற்கவில்லையே. விழுந்தபோது மட்டும் அவள் ஏன் தாங்க வேண்டும்?

முடிவு என்ன என்று கேட்டீர்கள். விலைவாசிக்காகக் கூலியோடு தரும் பஞ்சப்படி, விலைக்குறியீட்டைப் பார்த்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை தானாக ஏற வேண்டும். கமிட்டி எத்தனை மாதம் இழுத்தாலும், பழைய ஒப்பந்தம் முடிந்த தேதியிலிருந்து அரியர் கிடைக்க வேண்டும். ஜீப்பில் வருகிற தினக்கூலிக்கும் அதே விகிதம் பொருந்த வேண்டும். சின்ன விவசாயிக்கு விலை விழும்போது தாங்கிப் பிடிக்க ஒரு நிதியை, விலை ஏறிய வருஷத்திலேயே அரசும் ஸ்பைசஸ் போர்டும் (நறுமணப் பொருள் வாரியம்) ஒதுக்கி வைக்க வேண்டும். அதைக் கேட்டு நீங்கள் மனுக் கொடுத்தால் கையெழுத்துப் போட நான் வருகிறேன்.

உரம், மருந்து எல்லாம் எழுதினீர்கள். காய் எடுக்கிறவர்களுக்கு நாளொன்றுக்கு என்ன கொடுக்கிறீர்கள், ஜீப் வாடகை அவர்கள் கூலியிலிருந்து பிடிக்கப்படுகிறதா என்பதை எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், அதை வைத்தே பேசலாம்.

அன்புடன்,
அக்கா