லிண்டலில் டிரில் இறங்கவில்லையா?

செங்கல் சுவரில் சரசரவென்று இறங்கும் இம்பாக்ட் டிரில், ஜன்னலுக்கு மேலே உள்ள கான்கிரீட் உத்தரமான லிண்டலில் அரை இன்ச்கூடப் போகாமல் பிட் நுனி கருகுகிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் டிரில்லின் மேலே உள்ள தேர்வுத் திருகு சுத்தியல் படத்துக்கு நேராக இருக்கிறதா பாருங்கள். இருந்தும் இறங்கவில்லை என்றால் மிஷினைக் குறை சொல்ல முடியாது. அதில் பல் வைத்த இரண்டு வட்டுகள் உரசித்தான் அதிர்வு வருகிறது. கை வலிக்கும், கான்கிரீட் அசையாது. கான்கிரீட்டுக்கென்றே இருக்கும் ரோட்டரி ஹேமர் என்ற மிஷினில் பிஸ்டன் காற்றை அழுத்தி அடிப்பதால் லேசாகப் பிடித்தாலே போதும். நாலு துளைக்காக வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். காம்பில் பள்ளம் வெட்டிய எஸ்டிஎஸ் பிளஸ் பிட் தனியாக வேண்டும், உங்கள் பழைய பிட் அதில் பொருந்தாது.

அப்புறம், வெளியே வரும் தூளைக் கவனியுங்கள். சாம்பல் தூள் நின்று பளபளவென்று இரும்புச் சீவல் வந்தால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியில் முட்டிவிட்டது. லிண்டலின் பாரத்தைத் தாங்குவதே அடியில் ஓடும் அந்தக் கம்பிகள்தான், அறுக்கவே கூடாது. இரண்டு இன்ச் தள்ளிப் புதுத் துளை போட்டு, பழையதைச் சிமென்ட் கலவையால் அடைத்துவிடுங்கள். தலைக்கு மேல் வேலை என்பதால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் ஏணியில் ஏறாதீர்கள்.