'பெர்சி ஜாக்சன்' என்ற ஆங்கிலச் சிறுவர் கதைத் தொடரைப் படிக்க, பிள்ளைகளுக்குக் கிரேக்கப் புராணம் முன்பே தெரிந்திருக்க வேண்டுமா?

தேவையே இல்லை. என் அக்கா மகன் ஜீயஸ் யார், பொசைடன் யார் என்று எதுவும் தெரியாமல்தான் முதல் புத்தகத்தைக் கையில் எடுத்தான். விழுந்து விழுந்து சிரித்தான். புராண ஆர்வம் அப்புறம் தானாக வந்தது.

ரிக் ரியார்டன் எழுதி 2005-ல் வெளிவந்த அந்தப் புத்தகம், கடவுள்கள் வாழும் ஒலிம்பஸ் மலையில் தொடங்குவதில்லை. பள்ளிச் சுற்றுலாவில் தொடங்குகிறது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு 12 வயது பெர்சி வகுப்போடு போகிறான். எப்போதும் அவனையே குறிவைத்துத் திட்டும் கணக்கு டீச்சர் தனியாகக் கூப்பிடுகிறார். அடுத்த நிமிடம் இறக்கையும் நகமுமாக அவன்மேல் பாய்கிறார். கிரேக்கக் கதைகளில் குற்றவாளிகளைத் துரத்தித் துரத்தி வதைக்கும் பழிதேவதைகளில் ஒருத்தி அவர். அது தெரியாத பிள்ளைக்கும் கணக்கு டீச்சரைப் பற்றிய பயம் நன்றாகவே தெரியும், அது போதும்.

புராணம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு சிரிப்பு கூடுதலாகக் கிடைக்கும். பார்த்தவரைக் கல்லாக்கும் மெதூசா, நியூஜெர்சியில் தோட்டச் சிலைக் கடை நடத்துகிறாள். கடைக்கு வந்து மாட்டியவர்கள்தான் அங்கே சிலைகள். கட்டிலின் நீளத்துக்கு ஆளை இழுத்தோ வெட்டியோ கொல்லும் புரோக்ரஸ்டீஸ், லாஸ் ஏஞ்சல்ஸில் தண்ணீர் மெத்தை வியாபாரி. மதுவின் கடவுள் டயோனிசஸுக்கு, கடவுள்களின் அரசன் ஜீயஸ் மதுவைத் தடை செய்துவிட்டார். பாவம் டயோனிசஸ், கடவுளுக்கும் மனிதருக்கும் பிறந்த பிள்ளைகள் தங்கும் முகாமுக்குப் பொறுப்பாளராக, டயட் கோக் குடித்தபடி எரிந்து விழுகிறார். பழைய கதையில் யாருக்கு என்ன குணமோ அது அப்படியே இருக்கிறது, பிழைப்புதான் மாறியிருக்கிறது. மூலக்கதையில் ஊறியவரால்தான் இப்படி எழுத முடியும். ரியார்டன் பல வருடம் நடுநிலைப் பள்ளி ஆசிரியராக இருந்து, கிரேக்கப் புராணமும் சொல்லிக்கொடுத்தவர்.

எனக்கு மிகவும் பிடித்தது இதெல்லாம்கூட இல்லை. பெர்சிக்கு எழுத்துகள் குழம்பும் டிஸ்லெக்ஸியாவும், ஓரிடத்தில் உட்கார விடாத ஏடிஎச்டியும் உண்டு. பள்ளிக்குப் பள்ளி வெளியே அனுப்பப்பட்டவன். அவனும் கிரேக்கக் கடவுளுக்குப் பிறந்த பிள்ளை, அவன் மூளை பழைய கிரேக்க மொழிக்காக அமைந்தது, அதனால்தான் ஆங்கில எழுத்துகள் மிதக்கின்றன என்கிறது கதை. அந்தத் துறுதுறுப்புதான் சண்டையில் அவன் உயிரைக் காக்கிறது. ரியார்டனின் மகனுக்கும் இதே இரண்டும் இருந்தன. தூங்கும் முன் அவனுக்குச் சொன்ன கதைதான் பிறகு புத்தகமானது. இவ்வளவு கிண்டலுக்கு நடுவிலும், படிக்கச் சிரமப்படும் பிள்ளையைக் கதை இளக்காரமாகப் பார்ப்பதில்லை. அந்தச் சிரமம் உள்ள பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் கட்டாயம் கொடுங்கள்.

முதல் தொடரில் ஐந்து புத்தகங்கள், 2009-ல் முடிகிறது. வரிசை மாற வேண்டாம். 2010-ல் வந்த சினிமாவை முதலில் காட்டாதீர்கள். அதில் பெர்சியின் வயதைக் கூட்டிவிட்டார்கள், ஆறாம் வகுப்புப் பையனுக்கே உரிய குறும்பு அதில் இல்லை. ஆங்கிலம் கொஞ்சம் தடுக்கினால் முதல் இரண்டு அத்தியாயங்களை நீங்களே சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். பெர்சி தன் வாயாலேயே சொல்லும் கதை என்பதால் காதால் கேட்கவும் நன்றாக இருக்கும்.