பிராய்லர் கோழிக்கு ஊசி போடுகிறார்களா? – நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: பல்லடம் பக்கம் பண்ணைகளில் ஹார்மோன் ஊசி போட்டுத்தான் நாற்பதே நாளில் பிராய்லர் கோழி வளர்க்கிறார்களாமே, குழந்தைகளுக்குக் கொடுக்கலாமுங்களா? நாட்டுக்கோழிக்கே மாறிவிடட்டுமா? – திருப்பூர் வாசகி

பதில்: ஹார்மோன் ஊசி கட்டுபடியாகாத வேலைங்க. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் கோழி வயிற்றிலேயே செரித்துப்போகும். ஊசியாகத்தான் போடணும், அதுவும் திரும்பத் திரும்ப. 5,000 கோழி நிற்கும் கொட்டகையில் ஒவ்வொன்றாகப் பிடித்துக் குத்த ஆள்கூலி கொடுத்தால், கிலோ கணக்கில் வளர்ப்புக்கூலி வாங்கும் பண்ணைக்காரருக்கு என்ன மிஞ்சும்? 35 முதல் 42 நாளில் 2 கிலோ தாண்டுவதற்குக் காரணம், பல தலைமுறையாகச் செய்த இனத்தேர்வும் மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்குத் தீவனமும்தான். வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்துகூட முதல் வாரம் கண்ணில் சொட்டாக, அப்புறம் குடிதண்ணீரில் போகிறது.

கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாட்டிக். மருந்தை நிறுத்தி, அதற்குரிய நாள் கழித்துத்தான் கோழியைப் பிடிக்க வேண்டும். முன்னதாகவே பிடித்தால் கறியில் எச்சம் தங்கும்; சமைத்தாலும் அது முழுதாகப் போகாது. மனிதர்களுக்கு வேறு மருந்து கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் கொலிஸ்டினை உணவுக்கான கால்நடை, கோழிகளில் பயன்படுத்த 2019இல் மத்திய அரசு தடை போட்டது, கிருமிகள் அந்த மருந்துக்கும் பழகி எதிர்ப்புப் பெற்றுவிடக் கூடாது என்றுதான். எச்சத்தை ஆய்வகம்தான் கண்டுபிடிக்கும். கண்ணுக்கோ மூக்குக்கோ தெரியாது. நம் கையில் இருப்பது கிருமியைக் கட்டுப்படுத்துவது. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மோனெல்லா என்ற கிருமி நாட்டுக்கோழியிலும் உண்டு, ஆகவே மாறுவதால் மட்டும் பிழைத்துவிட மாட்டோம். (நாட்டுக்கோழி என்று விற்பதில் நிறைய கிராஸ் கோழி என்பது தனிக் கதை.)

கடையில் கோழியைவிட வெட்டுக்கட்டையைப் பாருங்கள். முந்தின கறி ஒட்டியபடி கறுத்துக் கிடந்தால் அடுத்த கடை. தலை தொங்கி, இறகு சிலிர்த்து ஒடுங்கி நிற்கும் கோழி வேண்டாம். கண்முன்னால் அறுக்கச் சொல்லுங்கள். விலைப்பலகையில் இருப்பது உயிர் எடையா, கறி எடையா என்றும் கேளுங்கள். உயிரோடு 1 கிலோ என்றால் கறி சுமார் 700 கிராம்தான் வரும், தோலுரித்தால் இன்னும் குறையும்.

வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். 4 டிகிரியில் இரண்டு நாள் தாங்கும், அதுவும் மூடிய பாத்திரத்தில், கீழ்த்தட்டில். மேலே வைத்தால் கறித்தண்ணீர் தக்காளியில் சொட்டும். குழாயடியில் அலசாதீர்கள், தெறிக்கிற தண்ணீரோடு கிருமியும் பரவும். கழுவாமல் மனசு கேட்காது என்றால் அகலப் பாத்திரத்தில் மெதுவாக முக்கி எடுங்கள், பிறகு சிங்கைச் சோப்புப் போட்டுத் தேயுங்கள். மஞ்சள் தூள் கிருமியைக் கொல்லும் என்று நம்பியிருக்க வேண்டாம். துண்டின் நடுவில் 74 டிகிரி சூடு ஏற வேண்டும். பள்ளிபாளையம் சிக்கன் மாதிரி தண்ணீர் ஊற்றாத வறுவலுக்குத் துண்டு சின்னதாக இருக்கட்டும், முதலில் மூடிபோட்டு வேகவிடுங்கள். இளங்கோழியில் எலும்போரம் சிவப்பு வெந்த பிறகும் நிற்கும். அதை வைத்து முடிவு செய்ய முடியாது, சமையல் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் நல்லது.

கேள்வி: பெருங்காய டப்பாவில் மைதா, கோந்து என்று போட்டிருக்கிறது. கலப்படம்தானே? – ஈரோடு வாசகர்

பதில்: இல்லைங்க. அது கூட்டுப் பெருங்காயம். மூலப்பொருளான பிசின் ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தானிலிருந்து இறக்குமதியாகிறது. நம் நாட்டில் இமாச்சலத்தின் லாஹௌலில் 2020இல்தான் பெருங்காயச் செடியை நட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள். அசல் பிசின் நெடி தாங்காது என்பதால் கோந்தும் மாவும் சேர்க்கிறார்கள். லேபிளில் சொல்லிச் சேர்த்தால் குற்றமில்லை, சொல்லாமல் சேர்த்தால்தான் குற்றம். கற்பூரம் மாதிரி எரிந்தால் அசல் என்ற சோதனை தனிப் பிசினுக்கு மட்டும் பொருந்தும். கூட்டுப் பெருங்காயத்தைக் கொளுத்திப் பார்த்து ஏமாந்தோம் என்று நினைக்காதீர்கள். கோதுமை ஒவ்வாதவர்கள் அரிசிமாவு சேர்த்ததைப் பார்த்து வாங்கவும்.

கேள்வி: வெளிநாட்டு சாக்லேட் பாக்கெட்டில் ஒரு எழுத்தும் புரியவில்லை. வாங்கலாமா? – கோவை வாசகி

பதில்: இறக்குமதியாளர் பெயர், முகவரி, எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தரும் 14 இலக்க உரிம எண் கொண்ட ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முறையான பரிசோதனையைத் தாண்டி வந்ததா என்று உறுதி சொல்ல முடியாது, வைத்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் பில்லையும் பாக்கெட்டையும் தூக்கிப் போடாமல், படமெடுத்து மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம்.